ஒரு நட்டும் ஒரு கட்டிக் கற்பூரமும்

2014ஆம் ஆண்டு, பாரிசில் லா ஷப்பலில் நான் தனியாக இருந்த காலம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று மனைவி அவர்களைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டாள். உணவகச் சமையல் வேலையை விட முடியாமல் நான் மட்டும் நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், நிலத்தடி வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்விடுவேன். அங்கே கதவு போட்ட ஒரு சின்ன அறையில், என்னைவிட வயது கூடிய கார் ஒன்றை வைத்திருந்தேன். பேச்சுத் துணைக்கு அதுதான்.

லண்டனில் மகளின் சாமத்திய வீடு, பூப்பெய்தியதற்கான சடங்கு, வந்தது. எங்கள் ஆட்கள் பிள்ளையைப் பல்லக்கிலும் குதிரை வண்டியிலும் கொண்டுவந்து இறக்குகிற காலம். என் பழைய காரில் நானே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். "அப்பா, கார் கட்டாயம் வருமோ?" என்று மகள் தொலைபேசியில் கேட்டாள். "ஓம் பிள்ளை, வரும்" என்றேன். ஆனால் பெற்றோல் குழாய் பம்போடு சேருமிடத்தில் கசிந்தது. குழாயை மாற்றலாமென்றால், அதைப் பிடித்திருந்த நட் துருவேறி இறுகிக் கிடந்தது. விழாவுக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது.

நான் ஒன்றும் விசர் வேலை பார்க்கவில்லை. பற்றரியைக் கழற்றினேன். தாங்கியிலிருந்த பெற்றோலை முன்பே வெளியே எடுத்துவிட்டேன். துரு இளக்கும் எண்ணெயை நாலு நாள் விட்டு ஊறவைத்தேன். சூடாக்கினால் சுகமாகக் கழலும் என்று தெரியும். உணவகத்தில் சீனி உருக்கும் சின்ன காஸ் துப்பாக்கியும் இருந்தது. பெற்றோல் குழாய்க்குப் பக்கத்தில் நெருப்பா, நான் என்ன மடையனா என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை ஒரு ஸ்பானரால் பம்ப் பக்கத்தைப் பிடித்து, மற்றதால் நட்டைக் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். பம்புக்கு ஒரு சேதமுமில்லாமல் நட் கழன்று வந்தது.

சொல்ல ஆளில்லை. லண்டனுக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. காருக்குள் பிள்ளையார் படம் இருந்தது. அவருக்காவது சொல்வோம் என்று, பழக்கதோஷத்தில், தட்டில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தேன். குழாயில் மிஞ்சியிருந்த பெற்றோல் வடிந்து, காலடித் துணி ஊறிக் கிடந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. எனக்கு அந்த மணம் பழகிப்போயிருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பக்கத்து அறையில் சந்தைக்கான துணி மூட்டைகளை வைத்திருக்கும் ஆபிரிக்கப் பெண்மணி. இரண்டு வருடமாக எங்களுக்குள் "பொன்ஜூர்" என்ற வணக்கம் தவிர வேறு பேச்சில்லை. தீப்பெட்டியைப் பறித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னை வெளியே இழுத்துவந்து, கதவை முழுக்கத் திறந்துவிட்டார்.

"படியிலயே மணக்குது. உமக்கு வீட்டில ஒருத்தரும் இல்லையோ?" என்று பிரெஞ்சில் ஏசினார்.

இருக்கிறார்கள், லண்டனில் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. மணம் போகும்வரை ஒரு மூட்டையின் மேல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கழற்றிய நட்டைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புதுக் குழாய் பூட்டி, கப்பலேறி, கார் நான் சொன்ன நாளில் லண்டன் மண்டபத்துக்குப் போனது. யார் திருத்தியது என்று கேட்டவர்களிடம், எல்லாம் நான் தனியாகத்தான் என்று பெருமையடித்தேன். அப்போது மகளுக்கு ஆராத்தி எடுத்தார்கள். தட்டில் கற்பூரம் எரிவதைக் கண்டதும் என் கை தானாகவே மணிக்கட்டைத் தடவியது. நட்டைக் கழற்றியது போலவே தீப்பெட்டியை எடுத்ததும் நான் தனியாகத்தான். பெயர்கூடக் கேட்டுவைக்காத ஒருவரின் பிடியால்தான் அன்றைக்கு என் பிள்ளைக்கு முன்னால் நின்றேன் என்பதை, இன்றும் கற்பூரம் ஏற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.