ரப்பர் அக்கா துடைத்த கோடு

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைநோக்கி அனுப்பும் படங்களில் இருக்கும் கறை, கீறல், குறுக்கே போன செயற்கைக்கோளின் தடம் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருட சர்வீஸ். வீட்டிலும் கை சும்மா இருக்காது. “இவ தொடைக்கிற தொடையில சுவரே தேஞ்சிடும்” என்பார் கணவர்.

மூன்று வருடமாக அவளிடம் வந்தவை ஒரே தூசி மேகத்தின் படங்கள். அதற்குள் நாற்பத்தோரு நட்சத்திரங்கள், எல்லாம் பச்சைக் குழந்தைகள். ஒவ்வொன்றையும் சுற்றித் தூசும் வாயுவும் தட்டு போலச் சுழலும். அதைத் தின்று வளரும் நட்சத்திரம், தின்றதில் கொஞ்சத்தைத் தாரையாகப் பீச்சியடிக்க வேண்டும். இங்கே ஒன்றுகூடப் பீச்சவில்லை! இந்த அதிசயத்தைச் சொல்லத்தான் ஆராய்ச்சியை நடத்தும் மாடியறை மேடம் மறுநாள் மாநாட்டுக்குப் புறப்படவிருந்தார்.

அன்று காலை தொலைநோக்கிக் கேமரா மெக்கானிக் கேபிள் மாற்ற வந்தான். அக்கா, நட்சத்திரத்தோடு ஒட்டியிருந்த மெல்லிய கோடு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உன் கேமராவோட இழவு. கோடு கோடா இழுத்து வைக்குது.”

“அது பழைய கேமராக்கா. புதுசுல அந்தக் கோளாறே கிடையாது. மாத்தி மூணு வருஷம் ஆச்சே!”

“அப்ப நான் தொடைக்கிறது என்ன?”

அவன் சிரித்தான். கேமராவை மாற்றினார்கள், அவள் கையை யாரும் மாற்றவில்லை. துடைக்காத மூலப் படங்களைத் தேடி எடுத்து, மூன்று வருடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். கோடு வருடத்துக்கு வருடம் நீண்டிருந்தது. கோளாறு வளருமா? அடுத்த நட்சத்திரத்தைத் திறந்தாள். அதற்கும் அடுத்ததை. சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் படங்களை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேடம் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

“மேடம், தாரை இருக்கு. கேமரா கோடுன்னு நெனச்சு நான்தான் தொடச்சிட்டேன்.”

மேடம் அவள் நீட்டிய படத்தையே பார்த்தார். நாற்காலியைத் தடவித் தடவி உட்கார்ந்தார். பிறகு அவராகவே தேறி, “பரவால்லக்கா. ஒண்ணுதானே? மீதி நாப்பது இருக்கு. ஒண்ணு விதிவிலக்குன்னு சொல்லிடலாம்” என்றார்.

அக்கா கையிலிருந்த மீதிப் படங்களையும் மேசையில் வைத்தாள்.

“நாப்பத்தொண்ணுலயும் தொடச்சிருக்கேன் மேடம்.”