சிசில் குறுக்கே போன காலை

எங்கள் மலையில் ரிமுய்யைப் போல வாய் நீளமானவள் இன்னொருத்தி கிடையாது. என் சித்தப்பா மகள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பதினெட்டு வயதில் கீழே நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனாள். அடையாள அட்டையில் ஒரு சீனப் பெயரை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "மலைப்பக்கம்" என்பாளாம். அத்தாயல் என்று எங்கள் பழங்குடியின் பெயரைச் சொல்ல வாய் வராதாம். அந்த வெட்கம் தாங்காமல்தான் திரும்பி வந்து, தேர்வு எழுதி, எங்கள் பள்ளியில் அத்தாயல் பாடம் நடத்தச் சேர்ந்தாள். வாரத்துக்கு ஒரு வகுப்பு, நாற்பது நிமிடம். மண்சரிவு நாளிலும் அவள் ஸ்கூட்டர் வந்துவிடும்.

பாடநூலில் எங்களுக்கு இரண்டே பக்கம், அதில் ஒன்று முழுக்கப் படம். மீதியை அவள் சொன்னாள். எங்கள் மலையைப் பிடிக்க வந்த ஜப்பான்காரனின் பீரங்கி எந்தச் சரிவில் நின்றது, நெய்யத் தெரிந்த பெண்ணின் கன்னத்தில் மட்டும் ஏன் பச்சை குத்தினார்கள், எல்லாம்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது சிசில். கைக்குள் அடங்கும் பறவை. கிளம்பிய பாதையில் அது குறுக்கே பறந்தால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

"எவ்வளவு அவசரம்னாலுமா டீச்சர்?" என்று கேட்டாள் லாவா. ஐந்தாம் வகுப்பு, கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுவாள்.

"எவ்வளவு அவசரம்னாலும்தான்டி. முன்னோர் சொல்றாங்க. நாம கேக்கலைன்னா, அவங்க நம்மகிட்ட பேசறதையே நிறுத்திடுவாங்க."

இந்த வருடம் வகுப்பில் ஆறே பேர். சமவெளியிலிருந்து வந்த தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் சொன்னார்: மாவட்ட நாடகப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வகுப்பு இருக்கும், இல்லையென்றால் அந்த நேரம் கணினிப் பாடத்துக்குப் போய்விடும். ரிமுய்க்குச் சோறு இறங்கவில்லை. போட்டி நாடகத்துக்கு அவள் எடுத்த கதை சிசில் கதைதான்.

போட்டியன்று காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பள்ளி வேன் ஓட்டுவது நான். மூன்றாவது வளைவில், இடப்பக்கப் புதரிலிருந்து ஒரு சிசில் கண்ணாடிக்கு முன்னால் குறுக்கே பறந்து போயிற்று.

"மாமா, நிறுத்துங்க!" லாவா கத்தினாள். பிரேக் போட்டேன்.

"டீச்சர், மாமாவை வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

ஆறு பேரும் ரிமுய்யின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, என்ன பண்றது?" என்றாள் என்னிடம்.

எனக்கு எரிச்சல் வந்தது. "ஒம்பது மணிக்கு அங்க நிக்கணும். திரும்பினா வகுப்பு போச்சு. அப்புறம் இந்தச் சிசிலா வந்து பாடம் நடத்தும்? அதெல்லாம் வேட்டைக்காரனுக்குச் சொன்னது, வேனுக்கு இல்ல."

அவள் பின்னால் திரும்பவே இல்லை. கைகளைத் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, "போலாம்ணே," என்றாள். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்னால் யாரோ ஒரு சின்னது அழ ஆரம்பித்தது.

மேடையில் ஒரு பிசகு இல்லை. சிசில் பறந்ததும் ஆறு வேட்டைக்காரர்களும் ஈட்டியைத் தாழ்த்தி, பேசாமல் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டாம் இடம். பரிசு வாங்கிய கையோடு ரிமுய் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் வரவில்லை. வெளியே நின்ற எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த புதன்கிழமை அவள் வகுப்புக்கு வந்ததும் புத்தகத்தைத் திறக்கவில்லை. நான் வராந்தாவில் நின்றிருந்தேன்.

"அன்னிக்கு நான் பண்ணினது தப்பு," என்றாள் பிள்ளைகளிடம். "திரும்பியிருக்கணும். என்னை மன்னிச்சிருங்க."

லாவா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் ஆறுதல் சொன்னாள்.

"பரவால்ல டீச்சர். அதெல்லாம் மேடையில செய்றதுக்குத்தான்னு இப்பப் புரிஞ்சிடுச்சு. அடுத்த வருஷம் எந்தக் கதை?"

அந்த வாய் நீளக்காரி கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி மணி அடிக்கும்வரை நின்றாள்.

வகுப்பு இன்னும் இருக்கிறது. ஆறு பேரும் ஒழுங்காக வருகிறார்கள். நானும் தினம் அவர்களை ஏற்றிக்கொண்டு அந்த வளைவைக் கடக்கிறேன். சில நாள் சிசில் குறுக்கே பறக்கும். பின்னாலிருந்து யாரும் நிறுத்தச் சொல்வதில்லை.