கிழக்குக் கம்பத்தின் நிலவரம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் பூங்காத் தோட்டத்தில், அவரைக்கொடி ஏறிய இரும்புக் கம்பம் ஒன்று இருக்கிறது. ஆள் உயரம் இருக்கும். பச்சைப் பெயின்ட் உரிந்து, அடியில் துருவேறி, லேசாகத் தெற்கே சாய்ந்து நிற்கும். புதிதாக வருகிறவர்கள் கொடிக்காக நட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பூப்பந்து வலை கட்டிய கம்பம். ஒரு நாள் காலை என் சித்தப்பா அதன் அடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எதிரே மண்ணைப் புரட்ட வந்த ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. நடுவில் நான் நின்றேன்.

நெய்வேலியில் எல்லோருக்கும் சோறு போடுவது சுரங்கம் என்பார்கள். எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது ஒரு மஞ்சள் நூல் பந்து. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் வெறுங்காலோடு பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இங்கே பெர்மனன்ட் வேலை கிடைத்தது. அவர் பின்னாலேயே என் அப்பா வந்தார், அம்மா வந்தாள், நான் வந்தேன். பணிமனையில் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே, இப்போது தோட்டமாகிவிட்ட இந்த மைதானத்துக்குத்தான் போவார் சித்தப்பா. தண்ணீர் தெளிப்பார், கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார், அப்புறம்தான் மட்டையைத் தொடுவார். கோட்டுக்குள் யாராவது செருப்போடு கால் வைத்தால் தொலைந்தார்கள். எங்கள் வீட்டுப் பூஜை அறைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஷிப்டு வேலையில் அடுத்த முறைக்கு வருகிற ஆளை ரிலீவர் என்பார்கள். அவர் வந்து நின்று “என்ன நிலவரம்?” என்று கேட்க வேண்டும். இருப்பவர் எது ஓடுகிறது, எது பழுது என்று சொல்லி சார்ஜ் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகுதான் இடத்தை விட்டு நகரலாம். சங்கு ஊதியதுமே கை கழுவிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டுதான். சித்தப்பா கிளம்பியதில்லை. ஆள் வராத நாட்களில் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கண் சிவந்து வருவார். சித்தி கோபித்துக்கொண்டால் ஒரே பதில்தான்: “ரிலீவர் வராம போஸ்ட்ட விட்டு வந்தவன் மனுசனே இல்ல.” சித்தி இறந்த பிறகும், நேரம் கழித்துச் சாப்பிட உட்காரும்போது தானாகவே அதைச் சொல்வார். கேட்கவே ஆளில்லாதபோது அதை யாருக்குச் சொன்னார் என்று எனக்குப் புரிந்ததில்லை.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆகி ஊரைப் பார்க்கப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போனார்கள். மைதானத்தில் முள் மண்டியது. மாலை ஆனால் குடிக்கிற கூட்டம் வந்தது. பாட்டில் துண்டு குத்தி எதிர் வீட்டுச் சிறுமியின் பாதத்தில் தையல் போட்ட பிறகுதான் பிளாக் பெண்கள் நாங்கள் கூடிப் பேசினோம். பாதியில் பாத்தி கட்டிக் காய்கறி போடுவது, மீதியில் சிமென்ட் பெஞ்சு போட்டு ரிட்டயர் ஆனவர்களும் பிள்ளைகளும் உட்கார இடம் செய்வது என்று முடிவானது. டவுன்ஷிப் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கியவள் நான். ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு ஜேசிபி தருவதாகச் சொன்னார்கள். அதற்குள் மண்ணைப் புரட்டாவிட்டால் அங்கே வண்டி நிறுத்தும் கொட்டகை வந்துவிடும்.

சித்தப்பா அப்போது, சுரங்க நிறுவனம் என் வேலைக்காக எனக்குத் தந்த குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அவர் நட்டு வளர்த்த பலாமரம் அந்த வீட்டோடு போயிற்று. இப்போது வேறு யாரோ அதன் பழத்தை அறுக்கிறார்கள். அதற்கெல்லாம் அவர் முகம் சுளித்ததில்லை. தோட்ட விஷயத்தைச் சொன்னபோது மட்டும் சாப்பிட்ட தட்டில் பாதியிலேயே கை கழுவினார். “எல்லாத்தையும் காலி பண்ணிட்டேன் பாப்பா. இதையும் காலி பண்ணச் சொல்றியா?” என்றார். கொட்டகை வந்தால் எப்படியும் போய்விடுமே என்று ஆனமட்டும் சொல்லிப் பார்த்தேன். கல்லில் நார் உரித்திருக்கலாம்.

பாத்தி கேட்டிருந்தவர்களில், சித்தப்பாவின் பணிமனையில் நெடுங்காலம் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கிய அக்காவும் ஒருவர். கம்மாபுரம் பக்கம் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறவர். “ஒரு பாத்தி போதுங்க. கையில மண்ணு பட்டு ரொம்ப நாளாச்சு,” என்றுதான் கேட்டார். டவுன்ஷிப்பில் இல்லாதவருக்கு எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை. எனக்கும் சித்தப்பாவின் ரத்தம்தானே.

அந்தக் காலையில் நான் பூங்காவுக்குப் போனபோது அவர் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கான்வாஸ் ஷூ. போட்டிக்குக் கிளம்பும் உடை. நாற்காலியைக் கம்பத்தோடு ஒட்டிப் போட்டிருந்தார். பெண்கள் ஒவ்வொருவராக மண்வெட்டியோடு வந்து, அவரைப் பார்த்துத் தயங்கி, என்னைப் பார்த்தார்கள். நான் அருகே போய்ச் சித்தப்பா என்றேன். அவர் வலை இல்லாத வெளியைப் பார்த்துக்கொண்டே, “ரிலீவர் வராம எந்திரிக்க மாட்டேன்,” என்றார்.

பிளாக்காரர்கள் கெஞ்சினார்கள். ஒருவர் காவலாளியைக் கூப்பிடலாம் என்றார். நான் அவர் மேல் பாய்ந்தேன். என் சித்தப்பாவை யார் தொட்டாலும் தோட்டமே வேண்டாம் என்று கத்தினேன். கத்திய மறுநிமிடமே கொட்டகை கண் முன்னால் வந்து நின்றது. வண்டி ஓட்டுகிற தம்பி இறங்கி வந்து தலையைச் சொறிந்தான். “இன்னாக்கா, பெரியவரு எய்ந்துக்க மாட்டேங்குறாரு. நேரம் ஓடிக்கினே இருக்குது. நா திரும்பிப் போனா மறுபடி அனுப்ப மாட்டாங்க.” வெயில் ஏறியது. சித்தப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட அவர் கம்பத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் மயங்கி விழுந்துவிடுவாரோ என்ற பயமும், வண்டி போய்விடுமோ என்ற பயமும் ஒன்றாக வந்தன. எந்தப் பயம் பெரியது என்று கேட்டிருந்தால் அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு பாத்தி கேட்டிருந்த அக்கா அதுவரை வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றிப் பழைய கோடு இருந்த இடத்துக்கு வெளியே விட்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போய் நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

“சார், ரிலீவர் வந்துட்டேங்க. என்ன நிலவரம்?”

யாரோ சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீயா?” என்றார்.

“நாந்தாங்க. எனக்கு ஒரு நாளும் ரிலீவர் வந்ததில்ல. கான்ட்ராக்டுக்கு ஏதுங்க ரிலீவர்? எங்க நெலத்த வுட்டு வந்தப்பவும் யாரும் வந்து நிலவரம் கேக்கல. அதான், உங்களுக்காச்சும் கேக்கலாம்னு. சார்ஜ் குடுங்க.”

சித்தப்பாவின் பார்வை, வெளியே கிடந்த அந்தச் செருப்புக்குப் போய்த் திரும்பியது. நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். எழுந்ததும் அவர் குரலே மாறிவிட்டது. பணிமனையில் பேசுகிற, உணர்ச்சி இல்லாத, சுருக்கமான குரல்.

“கிழக்குக் கம்பம் சாஞ்சிருக்கு, அசைக்க வேண்டாம். மேற்கால கம்பம் அடியில இத்துப்போச்சு, நம்பாதே. வடக்கு மூலையில மழைத்தண்ணி நிக்கும். தெக்கால சர்வீஸ் போடுற எடத்துல மண்ணு கெட்டி, நல்லா மிதிச்ச மண்ணு.” அங்கே நிறுத்தினார். யாருடைய கால் மிதித்த மண் என்று எல்லோருக்கும் தெரியும். “வேற ரிப்பேர் ஒண்ணும் இல்ல.”

“சரிங்க சார். நா பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க,” என்றார் அக்கா.

நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நடந்தார். என்னைத் தாண்டும்போதுகூட நிற்கவில்லை. ஜேசிபியின் பல் மண்ணில் இறங்கிய சத்தம் கேட்டதும் தோள் ஒரு முறை குலுங்கியது, திரும்பிப் பார்க்கவில்லை. மேற்குக் கம்பம் தொட்டதுமே முறிந்து விழுந்தது. கிழக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் வண்டி வந்தபோது அக்கா குறுக்கே போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகு சித்தப்பா ஒரு நாளும் தோட்டத்துக்குள் வரவில்லை. பெஞ்சு போட்டோம், பொங்கல் வைத்தோம், அவரோடு ஆடிய பழைய ஆட்கள் விருத்தாசலத்திலிருந்து பஸ் ஏறி வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். அவர் கேட் வரைக்கும் வருவார், நின்று பார்ப்பார், போய்விடுவார். ரிலீவ் ஆனவனுக்கு உள்ளே என்ன வேலை என்பார். ஆனால் சாயங்காலம் நான் வீடு திரும்பியதும், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்: “என்ன நிலவரம்?” கத்தரி பூத்தது, வெண்டையில் பூச்சி, வடக்கு மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று நான் ஒப்பிப்பேன். கம்பத்தைச் சொல்லாமல் விட்டால் காத்திருப்பார். சொன்ன பிறகுதான் காப்பி உள்ளே போகும்.

சித்தப்பா காலமாகிவிட்டார். அடுத்து என் முறை. நானும் ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்குகிறது. அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. புதிதாகக் குடி வந்த வீடுகளில் பாத்தி வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். பார்க்கலாம் மேடம் என்கிறார்கள். அந்தக் கொட்டகைப் பேச்சு அலுவலகத்தில் மறுபடி கிளம்பியிருப்பதாகக் கேள்வி. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று காலை தண்ணீர் விட்டு முடித்தபின் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கொடியை விலக்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துரு உள்ளங்கையில் ஒட்டியது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னேன்.

“கிழக்குக் கம்பம் அப்படியேதான் இருக்கு சித்தப்பா. அவரைக்கொடி காய்ச்சிருக்கு. வடக்கு மூலையில தண்ணி நிக்குது. ரிலீவர் இன்னும் வரல.”