பத்து நாள் இருந்தால் போதும்

தண்ணீர் நன்றாகக் குடிக்கிற நாய்க்கு ஒரு கேடும் வராது என்று ஒரு காலத்தில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல, தென்காசியில் எங்கள் தெருவே அப்படித்தான் நம்பியது. அதற்குக் காரணம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் மலையிலிருந்து இறங்கி வந்த நரி ஒன்று குத்துக்கல்வலசைப் பக்கம் நாலைந்து நாய்களைக் கடித்துவிட்டுப் போனது. அந்த நாய்களில் ஒன்று கடித்து ஒரு வண்டிக்காரர் செத்துப்போனார். கடைசியில் தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே அலறினாராம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, ஊரில் நாய் வளர்த்தவர்கள் காலையில் எழுந்ததும் செய்த முதல் காரியம் நாய்க்கு முன்னால் ஒரு சட்டித் தண்ணீரை வைத்துப் பார்ப்பதுதான். குடித்தால் நல்ல நாய். முகத்தைத் திருப்பினால், தடியோடு சுற்றிக்கொண்டிருந்த பஞ்சாயத்து ஆட்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான்.

எங்கள் வீட்டு நாய்க்கு அப்போது பத்து வயதுக்கு மேல். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். நான் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் கோர்ட்டுக் கச்சேரி வாசலிலிருந்து என் பின்னாலேயே வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். பெயர் என்று ஒன்றும் வைக்கவில்லை. ‘ஏலே’ என்றால் வருவான். தெருவில் யார் யாரை ‘ஏலே’ என்று கூப்பிட்டாலும் இவனும் தலையைத் தூக்கிப் பார்ப்பான். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அதனால்தான் குமாஸ்தா நாயைப் போட்டுக் கொஞ்சுகிறார் என்று பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். கொஞ்சத்தான் செய்தேன்.

அந்தக் கோடையில் அவன் குடித்த குடி இருக்கிறதே, அப்பப்பா! ஒரு சட்டி வைத்தால் அடி தெரியக் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். இன்னொரு சட்டி வைத்தால் அதுவும் காலி. எனக்கு ஒரே பெருமை. தெருவில் நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் பெரிய சருவம் நிறையத் தண்ணீரை வாசலில் கொண்டு வைப்பேன்.

“ஏலே, குடிலே. இவங்களுக்குக் குடிச்சுக் காட்டுலே.”

குடித்துக் காட்டுவான். எதிர்வீட்டுப் பலசரக்குக் கடைக்காரர் கைகொட்டிச் சிரிப்பார். “ஓய், ஒம்ம நாய்க்கிட்ட எமன் வரமாட்டான் ஓய். விட்டா சித்தாத்துத் தண்ணி பூராத்தையும் குடிச்சுருவான் போலுக்கே!” நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருநாள் இருநாள் இல்லை, இரண்டு மாதம் இந்தக் கூத்தை நடத்தினேன். நினைத்தால் என் வாயிலேயே நான் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

குடித்த தண்ணீர் எங்கே போகும்? நடையில் மூத்திரம் பெய்தான், முற்றத்தில் பெய்தான். ஒருநாள் பட்டாசல் கூடத்தில் நான் பரப்பி வைத்திருந்த கட்சிக்காரரின் பத்திரக் கட்டின் மேலேயே பெய்துவிட்டான். எனக்கு மூக்கின் நுனியில் கோபம். குடையை எடுத்து நாலு சாத்துச் சாத்தினேன். அத்தனை வருஷத்தில் அவன் வீட்டுக்குள் அசிங்கம் செய்ததே கிடையாது. கிழட்டு வயதில் ஏன் இப்படிச் செய்கிறான் என்று யோசிக்க என் மூளையில் இடமில்லை. அன்றிலிருந்து தொழுவில் கட்டிப்போட்டேன். பசுவை விற்றுவிட்ட பிறகு அந்தத் தொழு சும்மாதான் கிடந்தது.

என் மனைவிதான் முதலில் சொன்னாள். “இங்க பாருங்க, அவன் வயிறு ஒட்டிப் போச்சு. வாயில ஒரு மாதிரி நாத்தம் வருது. மூத்திர நாத்தம் மாதிரி.”

“நாய் வாயில பின்ன சந்தன வாசமா வரும்?”

“நீங்க வந்து ஒருதடவ மோந்து பாருங்களேன்.”

“எனக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியா? தண்ணி எப்படிக் குடிக்கான், பாத்தேல்ல? தண்ணி குடிக்க நாய்க்கு ஒண்ணும் வராது.” இதைச் சொல்லிவிட்டு நான் கச்சேரிக்குப் போய்விட்டேன்.

ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்தது. அவன் சோற்றைத் தொடுவதை நிறுத்தினான். தின்ற கொஞ்சத்தையும் மஞ்சளாகக் கக்கினான். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். தூக்கும்போதே தெரிந்தது, கையில் கனமே இல்லை. அங்கிருந்த டாக்டர் வாயைத் திறந்து முகர்ந்தார், கண்ணின் இமையை இழுத்துப் பார்த்தார், முதுகுக்குக் கீழே இரண்டு பக்கமும் அமுக்கினார்.

“மூத்திரத்தப் பிரிக்கிற குண்டிக்கா ரெண்டும் கெட்டுப் போச்சுய்யா. ரொம்ப முத்திட்டு. இதுக்கு மருந்து கிடையாது.”

“அது எப்படி? ரெண்டு மாசமா அவன் குடம் குடமாத் தண்ணி குடிக்கானே!”

“குடிக்கதுதான்யா வியாதி” என்றார் அவர். “கறி குடுக்காதீரும். கஞ்சித் தண்ணி, பார்லித் தண்ணி, எவ்வளவு கேக்கானோ அவ்வளவு தண்ணி. ரெண்டு வாரமோ மூணு வாரமோ. அதுக்கு மேல அவன இழுத்துப் பிடிக்க முடியாது.”

வீட்டுக்கு வந்து அழுதேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தொழுவில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு அவனை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஆனால் இரண்டே நாளில் அவன் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. தண்ணீர்ச் சட்டியை வைத்தால் பக்கத்தில் வந்து நிற்பான், நாக்கை நீட்டுவான், எரிச்சல் தாங்காமல் இழுத்துக்கொள்வான். கடைவாயில் எச்சில் நூலாக ஒழுகும். இப்படியே விட்டால் போய்விடுவான் என்று, நான் ஒரு கையால் அவன் வாயைப் பிளந்து மறு கையால் கஞ்சியை ஊற்றினேன். அவன் உதறினான். பல் பட்டு என் சுண்டுவிரலில் ரத்தம் வந்துவிட்டது.

வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓய்! தண்ணியக் கண்டு மொகத்தத் திருப்புதானே ஓய்! எச்சி வேற ஒழுகுது. வெறிக் கோட்டி பிடிச்சிட்டுதா?” அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

குண்டிக்காயில்தான் வியாதி என்று மாட்டாஸ்பத்திரியில் சொன்னதை நான் அவர்களுக்கு விளக்கியிருக்கலாம். விளக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சுண்டுவிரலில் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த நரி கடித்த நாய்களில் ஒன்று இவனையும் கடித்திருந்தால்? தொழுவில் கட்டும்வரை தெருவில் அவிழ்த்துவிட்ட நாய்தானே? குத்துக்கல்வலசை வண்டிக்காரர் அலறியதெல்லாம் என் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவனை மறுபடி தொழுவில் கொண்டு கட்டிவிட்டு, வேட்டியைக்கூட மாற்றாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே டாக்டர் காயத்தைக் கழுவி மருந்து வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். “மாட்டாஸ்பத்திரியில சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனாலும் ஊர் இருக்க இருப்புல சும்மா விட முடியாது. வெறி பிடிச்ச நாய் கடிச்சதுக்கு அப்புறம் பத்து நாள் இருக்காது. ஒம்ம நாய் பத்து நாள் உயிரோட இருந்துட்டா ஒமக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அதுக்கு முந்திச் செத்தா அன்னைக்கே ஓடி வாரும். தொப்புளச் சுத்தி ஊசி போட ஆரம்பிக்கணும். பதினாலு ஊசி.”

பத்து நாள். நடந்து வந்த வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வாசலில் பஞ்சாயத்து ஆட்கள் தடியோடு நின்றிருந்தார்கள். கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன். “எவனாவது அவன் மேல கை வச்சா, வச்ச கை இருக்காது. அவன் பத்து நாளு இருந்தாகணும். சர்க்கார் டாக்டர் சொல்லியாச்சு. போங்கலே!” நான் போட்ட கூப்பாட்டில் அவர்கள் போய்விட்டார்கள். ‘நாய் மேல என்னா உசுரு வச்சிருக்காரு பாரு’ என்று தெருவில் சொல்லிக்கொண்டார்களாம். அதைக் கேட்டு நான் மறுத்துப் பேசவில்லை.

கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டேன். அந்தப் பத்து நாளில் நான் செய்ததைப் போலப் பெற்ற தாய்கூடச் செய்திருக்க மாட்டாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, புண் படாமல் கடைவாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்துவிட்டேன். கால் நாழிகைக்கு ஒருதடவை தண்ணீர், பிறகு பார்லி, பிறகு இளநீர், மறுபடி தண்ணீர். புண்ணில் கோழி இறகால் தேன் தடவினேன். கீழே நனைந்தால் உடனே சாம்பல் போட்டுத் துடைத்து, வேறு சாக்கை விரித்தேன். ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் புண்ணாகும் என்று திருப்பிப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவன் தானாகவே வாயைத் திறந்து பஞ்சுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டான். ஐந்தாம் நாள் அரைச் சங்கு பால் வயிற்றில் தங்கியது. நான் வருகிற சத்தம் கேட்டாலே வாலைத் தரையில் தட்டுவான். குடையால் அடித்தவன், வாசலில் வைத்து வேடிக்கை காட்டியவன், இப்போது பகல் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கிறானே என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் எதற்காக இருக்கிறேன் என்று அவனுக்கு என்ன தெரியும்?

ஏழாம் நாள் மத்தியானம் அவனுக்கு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண் சொருகியது. போய்விட்டான் என்றே நினைத்தேன். தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவன் காதில் கெஞ்சினேன். “ஏலே, செத்திராதலே. இன்னும் மூணு நாளுதாம்லே. மூணே மூணு நாளு இருந்துருலே. அதுக்கப்புறம் ஒன் இஷ்டம்லே.”

நிமிர்ந்தால் என் மனைவி பால் சங்கோடு தொழுவாசலில் நின்றுகொண்டிருந்தாள். சங்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் இருந்தான். எட்டாம் நாளும் இருந்தான், ஒன்பதாம் நாளும் இருந்தான். பத்தாம் நாள் விடிந்ததும் தொழுவுக்கு ஓடிப்போய் அவன் விலாவில் கையை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கியது. சாயங்காலமும் பார்த்தேன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தப்பிச்சீர் ஓய். போய் அருவியில நின்னு பயத்தக் கழுவிட்டு வாரும்.”

சொன்னால் சொன்னபடி புறப்பட்டுவிட்டேன். குற்றாலத்தில் சீசன் உச்சம். கச்சேரிக் கூட்டாளிகள் அங்கே வீடு பிடித்துத் தங்கியிருந்தார்கள். துண்டும் எண்ணெய்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். அந்தச் சத்தம் கேட்டுத் தொழுவில் அவன் வாலைத் தட்டினான். எட்டிப் பார்த்தேன். பஞ்சு வருகிறது என்று நினைத்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தான்.

“ஏட்டி, அவனுக்குப் பஞ்ச நனச்சுக் குடு” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற குதிரை வண்டியில் ஏறிவிட்டேன். உள்ளே போய் அந்த ஒரு சொட்டைப் பிழிந்துவிட்டு வந்திருந்தால் வண்டிக்காரன் என்ன, கோபித்துக்கொண்டா போயிருப்பான்?

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றேன். பத்து நாள் பயமும் தலையிலிருந்து இறங்கி ஓடியது போல இருந்தது. பசி எடுத்தது. வயிறு முட்டச் சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்து மறுபடி ஐந்தருவிக்குப் போனோம், சீட்டாடினோம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே இருந்துவிட்டேன். தென்காசி என்ன, காசியா? மூன்றே மைல். சாயங்காலம் நடந்து வந்து பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அவன் நினைப்பு வராமலும் இல்லை. வந்தபோதெல்லாம், வீட்டில் அவள் இருக்கிறாளே, பார்த்துக்கொள்வாள் என்று தள்ளிவிட்டேன்.

ஏழெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது தொழு கழுவிவிட்டுச் சுத்தமாக இருந்தது. சாக்கைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். கொல்லையில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. எனக்கு வழக்கம்போல முதலில் வந்தது கோபம்தான்.

“எனக்கு ஒரு ஆள அனுப்பியிருக்கக் கூடாதா? குத்தாலம் என்ன சீமையிலயா இருக்கு? ஒரு வண்டிக்காரன்ட்ட சொன்னா வந்து சொல்லியிருக்க மாட்டானா?”

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. “எதுக்குக் கூப்பிடணும்? பத்து நாளுதான் முடிஞ்சு போச்சே.”

அந்தப் பத்து நாளையும் நாழிகை நாழிகையாக இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். எந்த நாள் எத்தனை சங்கு பால் தங்கியது, எந்த நாள் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன் என்பதுகூட நினைவிருக்கிறது. அதற்கு மேல் அவன் எத்தனை நாள் உயிரோடு இருந்தான் என்று மட்டும் எனக்குத் தெரியாது. நாலோ, ஐந்தோ, ஆறோ. பல வருஷம் கழித்து ஒருதடவை அவளிடம் கேட்டேன்.

“எண்ணிக்கிட்டிருந்தது நீங்கதானே. எங்கிட்டக் கேட்டா எனக்கு என்ன தெரியும்?” என்றாள்.

அவளுக்குத் தெரியும். அவன் வாசலைப் பார்த்தானா, செருப்புச் சத்தம் கேட்டால் வாலைத் தட்டினானா என்பதும் தெரியும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.