பட்டியலில் சேராத பெருசு

கடைக்காரர் பல்பை எடுத்து நீட்டுவார். என் மருமகள் கை நீட்ட மாட்டாள். பையிலிருந்து பழைய பல்பை எடுத்து, இரண்டின் அடிப்பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்பார் அவர். "நீங்க சொன்னா ஆச்சா? எங்க வீட்டு ஹோல்டர் சொல்லணுமே!" என்பாள். அலமாரி வாங்குவதற்கு முன்னால் வாசல் கதவை அளந்தவள் அவள். எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டருக்கே எடுத்துச் சொல்வாள். "முதல்ல ஏத்துக்குமான்னு பாருங்க." ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது அவள் வாயில் வந்துவிடும்.

வேலை அப்படி. ஊருக்குத் தண்ணீர் விடுகிற அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறாள். ஒவ்வொன்றிலும் ஏஜெண்ட் என்று ஒரு சின்ன மென்பொருளைக் குடிவைக்க வேண்டுமாம். அரை மணிக்கு ஒரு தரம் அது தலைமை மெஷினில் இருக்கும் நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். யாராவது கையால் எதையாவது மாற்றி எழுதியிருந்தால் துடைத்துவிட்டு நகலில் உள்ளபடி ஆக்கிவிடும். அந்தக் கெடுபிடியில் ஹாஸ்டல் வார்டனே தோற்றுப்போவார். ஆனால் எல்லா மெஷினிலும் அது உட்காராது. மெஷினுக்கு என்ன வயசு, உள்ளே எந்த சிஸ்டம், மெமரி எவ்வளவு என்று பார்த்து 'ஏற்கும்', 'ஏற்காது' என்று பட்டியல் போடுவது இவள்தான். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை; அலுவலகமெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே. எதிரே உட்கார்ந்து நான் காய் நறுக்குவேன். வாய்விட்டுப் படிப்பதால் பட்டியல் எனக்கும் மனப்பாடம்.

இருநூற்றுப் பன்னிரண்டு மெஷின் ஏற்கும். ஒன்று ஏற்காது. அதைத்தான் அலுவலகத்தில் பெருசு என்கிறார்கள்.

பெருசை வைத்தது என் மகன், இவள் புருஷன். அவனும் அதே அலுவலகம்தான். அவன் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. மேல்தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை அந்த மெஷின்தான் ஓட்டுகிறது. மற்ற மெஷின்களில் அவன் எழுதி வைத்திருந்ததையெல்லாம் ஏஜெண்ட் வந்து துடைத்துவிட்டது. பெருசில் அது உட்காராததால் அவன் எழுதியது அப்படியே நிற்கிறது. ஒரு நாள் படித்துக் காட்டச் சொன்னேன்.

"மேல்தெருக் கடைசி வீடு வரைக்கும் தண்ணி ஏற பத்து நிமிஷம் கூட ஆகும். அதனால முன்னாடியே ஓடுது. மாத்தாதீங்க. சந்தேகம் இருந்தா என்னைக் கூப்பிடுங்க." கீழே அவன் போன் நம்பர்.

படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

போன மாதம் மேலதிகாரி உத்தரவு போட்டார்: ஏஜெண்ட் ஏறாத மெஷின் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் விடுவேனா?

"அது பாட்டுக்கு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே. யார் சோத்துல மண்ணைப் போட்டுச்சு?"

"அது ஓட்டை அத்தை. ஒட்டுப் போடக்கூட இப்ப ஆளில்லை. அது வழியா எவனாவது புகுந்தான்னா ஊருக்கே தண்ணி நின்னுடும்."

"ஏற்காதுன்னு எழுதிக்கிட்டே இரு. யார் வந்து பாக்கப்போறாங்க?"

"ரெண்டு வருஷமா அதைத்தானே எழுதறேன்." குரல் இறங்கிவிட்டது. "அதுக்குப் பதிலா புது மெஷின் போன வருஷமே வந்துடுச்சு. பெட்டியைப் பிரிக்காம ஆபீஸ் அலமாரிக்குப் பின்னாடி நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்."

பல்புக்குக்கூடப் பொய் சொல்லாதவள்.  கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அவன் எழுதினதை நகல் எடுத்து வெச்சுக்கோயேன் அம்மாடி."

"எடுத்தாச்சு அத்தை. அது வெறும் எழுத்து. பெருசுலதான் இன்னும் அவர் சொன்னா மோட்டார் கேக்குது."

"அப்போ மேல்தெருவுக்கு?"

"அந்தப் பத்து நிமிஷத்தைத் தலைமை நகல்லயே ஏத்திட்டேன். தண்ணி வரும்." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இனிமே நான் சொல்லி வரும்."

சனிக்கிழமை மதியம் கூட வேலை செய்கிற பெண் போனில் வந்தாள். "அக்கா, நீங்க எடுத்துக் கொடுத்த புது மெஷின் ஓட ஆரம்பிச்சாச்சு. பெருசை நீங்க நிறுத்திடறீங்களா?"

"ஒரு நிமிஷம்" என்றாள் என் மருமகள். திரையில் 'நிறுத்தவா?' என்று ஏதோ கேள்வி வந்திருக்க வேண்டும். எதையும் மூன்று தடவை படிக்காமல் கை வைக்காதவள், கண்ணாடியைக் கழற்றினாள், மடித்து என் பக்கமாகத் தள்ளி வைத்தாள், விரலால் தடவித் தேடிப் பொத்தானை அழுத்தினாள்.