ஆத்தாளை நம்பி விட்ட பிள்ளை

எனக்கு எண்பது வயதாகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவர் முகத்திலும் அம்மைத் தழும்பு கிடையாது. என் முகத்தில் உண்டு. நோயில் கிடந்து எழுந்து, பெற்றவர்கள் மேல் ஆறாத மனக்குறையோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். வெள்ளைக்காரன் ஆட்சி. அம்மை குத்துகிறவர் (நோய் வராமலிருக்கக் கையில் கீறி மருந்து ஏற்றுபவர்) வந்தால் அம்மா என்னைக் கேழ்வரகுக் குதிருக்குள் இறக்கிவிடுவாள்.

“சத்தம் போடாத. குத்திக்கிட்டா மாரியாத்தா கோவிச்சுக்குவா.”

மூச்சையும் அடக்கிக்கொள்வேன். அவ்வளவு நம்பினேன்.

ஒருநாள் என் தம்பியை அப்பா கடத்தூர் சந்தைக்குக் கூட்டிப்போனார். திரும்பியபோது அவன் தோளுக்குக் கீழே மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஆத்தாளுக்கு நேர்ந்த காப்பு என்றார்கள். எனக்கும் கேட்டேன்.

“பொட்டப் புள்ளைக்கு வேணாம், போ.”

அந்தக் கோடையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது பத்து வயது. இடுப்பு முறிகிறாற்போல் வலி. பிறகு முகமெல்லாம் முத்து. பெரியம்மை (உடலெங்கும் சீழ்க்கொப்புளம் எழும்பும் நோய்). நோய் என்று யாரும் சொல்லவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பதை நிறுத்தினார்கள். தம்பி என் பாயிலேயே வந்து படுப்பான். யாரும் தடுக்கவில்லை.

முத்து இறங்கியதும் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டில் எல்லோருக்கும் குளியல். அம்மா தம்பியின் மஞ்சள் துணியை அவிழ்த்தாள். அடியில், ஆறிப்போன அம்மை குத்திய தழும்புகள்.

“அவனுக்கு மட்டும் குத்துனீங்களா?”

அம்மா தண்ணீர் மொண்டுகொண்டே சொன்னாள்: “ஒத்தப் பையன். அவனுக்கு ஒண்ணுன்னா வூடு என்னாவும்? உன்னய ஆத்தா பாத்துக்குவான்னு வுட்டுட்டோம்.”

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் என் இடக்கண்ணைப் பார்த்தார். பூ விழுந்திருந்தது (கருவிழி வெளுத்துப் பார்வை போவது).

“இந்தப் பொண்ணுக்கு அம்மை குத்தலயா?”

“குத்துற வழக்கமே எங்க வூட்ல இல்லீங்க,” என்றார் அப்பா.

வெளியே வந்து எனக்குப் பொரிகடலை வாங்கித் தந்தார். நான் தின்னவில்லை.

ஆத்தாள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பேரைச் சொல்லி என்னைக் குதிரில் வைத்தது அவளல்ல. என் பிள்ளைகளுக்கும் அவளைக் கும்பிடச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து பேருக்கும் அம்மையும் குத்தினேன், பெண்களுக்கு முதலில். ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றுகிறேன். ஆனால் அம்மா இருந்தவரை அம்மாவின் பக்கத்தில் நின்று கும்பிட்டதில்லை.

வலக்கண் பேரப்பிள்ளைகள் வரை பார்த்துவிட்டது. இடக்கண்ணுக்கு இன்னும் பத்து வயதுதான். அது கடைசியாகப் பார்த்தது, என் பாயில் நிம்மதியாகத் தூங்கிய தம்பியை.

இதை வாசிக்கப்போகும் என் பேத்திக்கு: பாப்பா, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இருக்கிறபடியே ஒருதரம் படித்துக் காட்டு. என் அப்பா டாக்டரிடம் பேசும் இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.