ஓடைக்கரையிலிருந்து ஒரு சீர்

கொல்லிமலைக்கு ஏறும் ரோட்டோரம், வனத்துறைக் காடு முடிகிற இடத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடை காட்டைத் தாண்டி எங்கள் வேலியோரமாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த ஓடைக்கரையில் கார் நிறுத்த இடம் இருக்காது. ‘இயற்கையைக் காப்போம்’ என்று வனத்துறை வைத்த பலகைக்குக் கீழே நின்று செல்ஃபி எடுப்பார்கள். அதே பலகையின் காலடியில் பிரியாணிப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுக் காரில் ஏறுவார்கள்.

வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலை எனக்கு யாரும் எழுதி வைத்த சொத்து இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் செருப்பை வாசலில் கழற்றுகிறோம், சாப்பிட்ட இலையை நாமே மடக்குகிறோம். காட்டுக்கு விருந்தாளியாக வரும்போது மட்டும் அந்த மரியாதை எங்கே போகிறது? வனக்காவலரிடம் கேட்டேன். “நா ஒருத்தன் எத்தன பேத்துக்குப் பின்னாடிங்க ஓடறது?” என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

என்னிடம் ஒரு மேச்சேரி ஆடு இருந்தது. செம்மண் நிறம், நல்ல சினை. ஒரு திங்கட்கிழமை ஓடைக்கரையில் மேய்ந்துவிட்டு வந்தது, அதன் பிறகு தீனி எடுக்கவில்லை. அசை போடவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. பல்லைக் கடித்தபடி என் மடியில் தலையை வைத்துக் கிடந்தது. கால்நடை டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். குட்டியும் பிழைக்கவில்லை, தாயும் பிழைக்கவில்லை. அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள்ளிருந்து பிரியாணி வாடையோடு ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. அதைக் கழுவினேன். காது குத்து விழாவுக்கு அச்சடித்த தாம்பூலப் பை.

விசேஷம் முடிந்து மிஞ்சிய தாம்பூலப் பைகளை எங்கள் பக்கத்தில் யாரும் எறிய மாட்டார்கள். அதில்தான் தேங்காய் வாங்குவார்கள், டிபன் பாக்ஸ் எடுத்துப் போவார்கள், கடைசியில் குப்பையையும் கட்டுவார்கள். அந்தக் குடும்பமும் அப்படித்தான் செய்திருந்தது. ஓடைக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். அதே பைகள் புதரெல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மொட்டைத் தலையோடு சிரிக்கும் குழந்தை, பெற்றோர் பெயர், ஊர், செல்போன் எண். தங்கள் முகவரியை அச்சடித்த பையில் குப்பையைக் கட்டி வீசிவிட்டுப் போகிற கெட்டிக்காரர்கள்!

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

“சீர் கொண்டாரணுமுங்க. எப்ப ஊட்டுல இருப்பீங்க?” என்றேன்.

“அட, வர்ற வெள்ளிக்கெழம புது ஊட்டுக்குப் பால் காச்சறோமுங்க. அன்னைக்கே வந்துருங்கக்கா.”

யார் பேசுவது என்று அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சீர் கொண்டு வருகிறேன் என்பவரை யாரென்று கேட்டால் எங்கள் பக்கத்தில் ஆயுசுக்கும் பகை. வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு, அப்புறம் மாமன் வகையா மச்சான் வகையா என்று வீட்டுக்காரரோடு மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

என் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தட்டுகளில் மூன்றை எடுத்துப் பளபளவென்று விளக்கினேன். என் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது.

“நாலு பேரு பாக்கற எடத்துல இது வேணுமா, அம்மிணி?”

“நாலு பேரு பாக்கோணும்னுதானுங்க போறதே” என்றேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா, கூப்பிடாமலே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டிச் சம்பாதித்த குடும்பம். வீடு மாளிகை மாதிரி இருந்தது. வாசலில் எங்களுக்குச் சந்தனம் கொடுத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். பட்டுத்துணி மூடிய தட்டுகளைப் பார்த்ததும் வீட்டம்மா ஓடிவந்து, “வாங்கக்கா, ஏன் இத்தன தாமசம்?” என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். போனில் கேட்ட அதே குரல். கூடத்தின் நடுவில், எல்லாச் சீருக்கும் முன்னால் எங்கள் தட்டுகளை வைக்கச் சொன்னார். வைத்தேன். துணிகளை நானே எடுத்தேன்.

முதல் தட்டில் எலும்பும் தெர்மாகோல் தட்டும். இரண்டாவதில் உடைந்த பாட்டில்களும் குழந்தையின் அழுக்கு டயப்பரும். மூன்றாவதில் மஞ்சள் குங்குமம் வைத்த அந்த ஒற்றைப் பை. நாற்றம் சந்தன வாசனையை அடித்துக்கொண்டு போனது. மேளம்கூட நின்றுவிட்டது.

“உங்க சாமானுங்க. ஓடையில மறந்து உட்டுட்டு வந்துட்டீங்க. இந்தப் பை மட்டும் என்ற சினையாட்டு வயித்துல இருந்துச்சு. ரெண்டு உசுரு போச்சுங்க.”

அந்த வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டு எழுந்தார். சொந்தக்காரர்கள் பையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு மருமகள்தான் கிட்டே வந்தாள். பல் பட்டுக் கிழிந்த பையில் தன் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த குழந்தையைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் துணியை மறுபடி மூடவில்லை.

சீர்த்தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது வழக்கம். அத்தனை அவமானத்திலும் அந்த வீட்டம்மாவுக்கு அது மறக்கவில்லை. தட்டுகளை உள்ளே கொண்டுபோய்க் கழுவி வந்தார். தேங்காய் வெற்றிலைபாக்கு போட்ட ஒரு பையை மேலே வைத்து நீட்டினார். புத்தம் புதுப் பை. அதில் புது வீட்டின் படம் அச்சடித்திருந்தது.

தேங்காயையும் வெற்றிலையையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டேன். பையை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

“இது வேண்டாமுங்க. பட்டியில இன்னும் ஆடு இருக்குது.”

அந்தக் குடும்பம் அப்புறம் ஓடைப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு கார்கள் வருகின்றன. தட்டுகளைப் பரணில் ஏற்றிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். புளி போட்டு விளக்கி, கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்கிறேன்.